பதினொரு உருவாக்குநர்களும் ஒரு வரி நிரலும்

குமுதாவுக்கு வந்த கோபத்தில் குந்துமணி அளவுகூட அநியாயம் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் செவிவழிப் பேரவைக்காரர்கள் இன்றைக்கும் போகிற இடமெல்லாம் அவளை 'அந்தக் கோபக்காரி' என்றுதான் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் அவளுக்கு வேலை. தமிழில் எழுதிக் கேட்கிற வாடிக்கையாளர்களுக்குத் தமிழிலேயே பதில் எழுதி அனுப்ப வேண்டும். பிறவியிலேயே பார்வை கிடையாது என்பதால் திரையில் வருவதையெல்லாம் 'செவிவழி' என்கிற இலவச மென்பொருள் அவள் காதில் படித்துச் சொல்லும். இவள் படபடவென்று தட்டி அனுப்புவாள். கண்ணுள்ளவர்கள் மூன்று பேருக்குப் பதில் போடுவதற்குள் இவள் ஐந்து பேருக்குப் போட்டு முடித்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்பாள்.

மார்ச் மாதம் அலுவலகக் கணினிகளை எல்லாம் புதுப்பித்தார்கள். அன்றைக்குப் பிடித்தது சனி. செவிவழி எழுத்துகளைப் படித்தது, எண் வந்தால் வாயை மூடிக்கொண்டது. "ஐயா, என் பாலிசி எண்" என்று சொல்லும், அப்புறம் ஒரு மௌனம், பிறகு "தயவுசெய்து பார்த்துச் சொல்லவும்" என்று முடிக்கும். காப்புறுதித் தொழிலில் எண்ணை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது அனுதாபம் மட்டும்தான். அதற்கு யாரும் சம்பளம் கொடுப்பதில்லை.

மேற்பார்வையாளர் ஷஹானா நல்ல மனுஷி. தன் வேலையை விட்டுவிட்டு அவ்வப்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்து எண்களைப் படித்துச் சொன்னாள். ஆனால் எத்தனை நாளைக்கு? மேலிடத்திலிருந்து கேள்வி வந்தது. ஜூன் மாதம் முடிகிற வரைக்கும்தான் தன்னால் சமாளிக்க முடியும், அதற்குள் சரியாகாவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் போடச் சொல்லிவிட்டார்கள் என்று ஷஹானா தயங்கித் தயங்கிச் சொன்னாள். சாலாக் செலாத்தானில் வாடகை வீடு, வீட்டில் படுக்கையாகிவிட்ட அம்மா, சம்பாதிக்கிற ஒரே ஆள் குமுதா. இந்த வேலை போனால் இன்னொரு வேலை எப்படிப்பட்ட இடத்தில், எத்தனை 'பார்க்கலாம்'களுக்குப் பிறகு கிடைக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஏற்கெனவே நாய்படாத பாடு பட்டுத்தான் இதைப் பிடித்திருந்தாள்.

டிப்ளோமாவில் கணினி நிரல் எழுதப் படித்தவள்தான். செவிவழியின் நிரலைத்தான் உலகத்துக்கே திறந்து வைத்திருக்கிறார்களே! ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து துழாவினாள். கோளாறு ஒரே ஒரு வரியில் இருந்தது. மாற்றினாள். வீட்டுக் கணினியில் செவிவழி கணீரென்று எண்களைப் படித்தது. திங்கட்கிழமை அலுவலகக் கணினிப் பிரிவில் போய்ச் சொன்னபோது அவர்கள் கையை விரித்துவிட்டார்கள். வீட்டில் செய்ததை அலுவலகத்தில் போட விதி இல்லை. செவிவழியின் அதிகாரபூர்வத் தளத்தில் வெளியானால் போதும், மறுநாள் காலையில் தானாகவே எல்லாக் கணினியிலும் ஏறிவிடும். அவர்கள் சொன்னதிலும் தப்பில்லை.

அந்தத் தளத்தின் முகப்பில் 'எல்லாரும் வருக! எவரும் எழுதுக!' என்று போட்டிருந்தது. குமுதா அதை நம்பினாள். அவள் செய்த முதல் தப்பு அதுதான்.

ஒரு வரியை அனுப்பியதற்கு, செவிவழியை நிர்வகிக்கிற பேரவையிடமிருந்து பதில் வந்தது. பாதிவரைக்கும் பொறுப்பாளர்களின் பெயரும் பட்டமும். பிறகு விஷயம். குமுதா தற்சமயம் 'ஆர்வலர்' என்ற நிலையில் இருக்கிறாளாம். ஆர்வலர் தொண்டராக வேண்டும், தொண்டர் நற்றொண்டராக வேண்டும், நற்றொண்டர் நேர்காணலில் தேறிப் பொதுக்கூட்டத்தில் உருவாக்குநராக அறிவிக்கப்பட வேண்டும். உருவாக்குநர் ஆனபின் அந்த ஒரு வரியை அவளே சேர்த்துக்கொள்ளலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். இப்போது இருக்கிற பதினொரு உருவாக்குநர்களில் ஒருவர் சேர்த்துவிட்டால் என்ன என்று குமுதா கேட்டாள். உருவாக்குநர்கள் அனைவரும் ஆண்டுப் பொதுக்கூட்ட வேலையில் மும்முரமாக இருப்பதால் மென்பொருள் வேலைக்கு நேரமில்லை என்று பதில் வந்தது.

நிரலின் ஒவ்வொரு கோப்பிலும் குகன் என்ற பெயரும், கோளாறு இருந்தால் அழையுங்கள் என்று ஒரு தொலைபேசி எண்ணும் இருந்தன. இவரைக் கேட்கட்டுமா என்று பேரவைச் செயலாளர் சபாபதியிடம் விசாரித்தாள். சபாபதியின் குரல் மாறிவிட்டது. அந்த ஆள் இப்போது உருவாக்குநரே இல்லை, செமினிப் பக்கம் எங்கோ இருக்கிறான், அவனோடு யாரும் பேசக் கூடாது என்று தீர்மானமே போட்டிருக்கிறோம் என்றார். குகன் என்ன குற்றம் செய்தான்? பேரவைச் சின்னத்தில் இருக்கும் கிளி இடது பக்கம் பார்க்க வேண்டுமா, வலது பக்கம் பார்க்க வேண்டுமா என்று விவாதம் நடந்துகொண்டிருந்தபோது, கிளி எந்தப் பக்கம் பார்த்தால் என்ன, முதலில் நிரலைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டானாம். வெளியே போனவனிடம் பேசி என்ன ஆகப்போகிறது என்று குமுதாவும் விட்டுவிட்டாள்.

தொண்டராவதற்கு முதல் படி அடையாளச் சோதனை. ஓர் உருவாக்குநரை நேரில் சந்தித்து, தான் தான்தான் என்று நிரூபிக்க வேண்டும். பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் சபாபதி காத்திருந்தார். முதல் காரியமாகச் சட்டையில் குத்தியிருந்த பேரவைச் சின்னத்தைக் கழற்றி அவள் கையில் வைத்து, தடவிப் பார்க்கச் சொன்னார். கிளி வலது பக்கம் பார்த்தது. பிறகு அவளுடைய ஐசி அடையாள அட்டையை வாங்கினார். படத்தில் கறுப்புக் கண்ணாடி இல்லை, நேரில் இருக்கிறது, கழற்ற வேண்டும் என்றார். கழற்றினாள். வெகுநேரம் பார்த்தார் போலிருக்கிறது, பரிமாறுகிறவர் ரசம் ஊற்றிவிட்டுப் போய், மோரோடு திரும்பியும் வந்துவிட்டார்.

அடுத்தது டிஜிட்டல் கையொப்பம். எழுத்தும் எண்ணுமாக நீளமான ஒரு சரம். அதை உருவாக்குநர் காதுபடப் படிக்க வேண்டும். வேறு மென்பொருளில் படித்தால் செல்லாது, செவிவழியில்தான் படிக்க வேண்டும், மொழி உணர்வு முக்கியம் என்றார் சபாபதி. குமுதா போனில் இருந்த, திருத்தம் ஏறாத செவிவழியை ஓடவிட்டாள். எழுத்துகள் வந்தன. எண்கள் வந்த இடமெல்லாம் மௌனம்.

"பாதிதான் மா வருது," என்றார் சபாபதி. "பாதி அடையாளத்த வெச்சிக்கிட்டு நாங்க எப்படி ஏத்துக்கறது?"

"அந்தக் கோளாற சரிபண்ணத்தான் சார் நான் வந்திருக்கேன்."

"அது உருவாக்குநர் ஆன பொறவு லா. முதல்ல அடையாளம்."

குமுதா பல்லைக் கடித்துக்கொண்டு சரம் முழுவதையும் மனப்பாடமாக ஒப்பித்தாள். சபாபதி ஒவ்வொன்றாகச் சரிபார்த்துவிட்டு, விதியில் இடமில்லைதான், ஆனாலும் சிறப்புச் சலுகையாக ஏற்கிறோம் என்றார். நீங்கள் செவிவழியைப் பயன்படுத்துகிறீர்களா சார் என்று அவள் கேட்டாள். நமக்குத்தான் கண் நல்லா இருக்கே மா என்றார் அவர். பதினொரு பேரில் யாருமே பயன்படுத்துவதில்லை என்பதை ஒரு பெருமை போலச் சொன்னார். கைகழுவி வந்ததும் ஒரு படம் எடுத்துக்கொண்டார். மறுநாள் ஷஹானாதான் பேஸ்புக்கைப் பார்த்துப் படித்துக் காட்டினாள்: 'இருளில் வாடிய சகோதரிக்குப் பேரவை ஏற்றிய ஒளி!' குமுதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எவன் வாடினான்? யாருக்கு இருள்?

தொண்டராகியாயிற்று. இனித் தொண்டு. நிரல் சம்பந்தப்பட்ட தொண்டு எதுவும் தரவில்லை, அது உருவாக்குநர்கள் வேலை. பேரவையின் விருந்து நிகழ்ச்சியில் வாசலில் சந்தனம், கற்கண்டுத் தட்டோடு நிற்கச் சொன்னார்கள். நின்றாள். வருகிறவர்கள் எல்லாம் அவளைப் பார்த்து 'ச்சு' கொட்டிவிட்டு உள்ளே போய்ப் பேரவையைப் பாராட்டினார்கள். அவளை எதற்காக வாசலில் நிறுத்தினார்கள் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தட்டை யார் தலையிலாவது கவிழ்த்துவிடலாமா என்று இருந்தது. ஜூன் மாதத்தை நினைத்துக்கொண்டு நின்றாள்.

அதற்கடுத்த வாரம் கிளியின் பச்சை நிறம் பற்றி வாக்கெடுப்பு. இலைப்பச்சையா, கிளிப்பச்சையா? தொண்டர்கள் கட்டாயம் வாக்களிக்க வேண்டும். எனக்கு நிறமே தெரியாது என்று குமுதா சொன்னாள். அப்படியானால் உங்கள் வாக்குத்தான் அப்பழுக்கில்லாத நடுநிலை வாக்கு என்று சொல்லி, கைதட்டலுக்கிடையே அவளையே முதலில் வாக்களிக்க வைத்தார்கள். அவள் ஏதோ ஒரு பச்சையைச் சொன்னாள். அந்தப் பச்சை தோற்றுப்போனது. ஆனாலும் அவள் நற்றொண்டராகிவிட்டாள்.

இதற்கிடையில் அலுவலகத்தில் அவள் இடத்துக்கு ஆள் தேடி நேர்காணல் நடத்த ஆரம்பித்துவிட்டார்கள். வந்த ஆட்கள் அவள் மேசைக்குப் பின்னால் வரிசையாக உட்கார்ந்து காத்திருப்பது அவளுக்குக் கேட்டது.

பேரவையின் நேர்காணல் அதன் தலைவர் திருச்செல்வம் முன்னிலையில் நடந்தது. அவருக்கு எங்கிருந்தோ வந்த டாக்டர் பட்டம் ஒன்று உண்டு, அதைச் சொல்லாமல் யாராவது கூப்பிட்டால் காது கேட்காது. நேர்காணலுக்குப் படிக்க வேண்டிய பேரவைச் சட்டவிதிகளை முன்கூட்டியே அனுப்பியிருந்தார்கள். அத்தனை பக்கமும் போனில் எடுத்த படம். படத்தில் இருக்கும் எழுத்தைச் செவிவழியால் படிக்க முடியாது. வேறு ஆங்கில மென்பொருளில் ஓட்டிப் பார்த்தாள், அது தமிழைத் தாறுமாறாகக் குதறித் துப்பியது. எழுத்தாகவே அனுப்புங்கள் என்று கேட்டால், எழுத்தாக அனுப்பினால் யாராவது திருத்திவிடுவார்கள் என்றார்கள். எல்லாரையும் எழுதக் கூப்பிடுகிற பேரவைதான் இது.

முதல் விதி என்ன என்று தலைவர் கேட்டார். படிக்க முடியவில்லை சார், செவிவழிக்குப் படத்தைப் படிக்கத் தெரியாது என்றாள் குமுதா. அது மென்பொருளின் குறை, முறைப்படி புகார் கொடுங்கள் என்றார் தலைவர். கொடுத்தால் யார் சரிசெய்வார்கள்? உருவாக்குநர்கள். அவர்கள் என்ன செய்கிறார்கள்? பொதுக்கூட்ட வேலை. குமுதாவின் பொறுமை அங்கேதான் அறுந்தது. ஒரு வரிக்காக மூன்று மாதமாக நாயாய் அலைகிறேன், வேலை போகப் போகிறது, உங்களில் யாராவது அந்த ஒரு வரியைப் படித்தாவது பார்த்தீர்களா என்று கேட்டுவிட்டாள்.

தலைவர் கோபப்படவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, நேர்காணல் அறையிலேயே எழுந்து நின்று பேச ஆரம்பித்தார். உட்கார்ந்து பேச அவருக்கு வராது.

"அம்மா, நீங்க ஒரு வரி எழுதிட்டீங்க, சரி. நாங்க பத்து வருஷமா ஒரு வரிகூட எழுதாம இந்த மென்பொருள கட்டிக் காப்பாத்திக்கிட்டு வரோம். எது பெருசு? எழுதறவன் இன்னிக்கு எழுதுவான், நாளைக்குப் போயிடுவான். நாங்க போக மாட்டோம். இது எல்லாருக்கும் திறந்த வீடு. திறந்த வீடுங்கறதனாலதான் வாசல்ல நாங்க பதினோரு பேரு நிக்க வேண்டியிருக்கு. கண்டவங்க உள்ள பூந்து வேலை செஞ்சிட்டாங்கன்னா அப்பறம் பேரவைக்கு என்னம்மா மரியாதை?"

நேர்காணல் குழுவில் இருந்த மற்ற இரண்டு பேர் கைதட்டினார்கள். குமுதாவுக்குச் சிரிப்பு வரவில்லை. நேர்காணலில் அவள் தேறிவிட்டதாகச் சபாபதி வெளியே வந்து ரகசியமாகச் சொன்னார். இந்த ஆண்டு மேடையில் காட்டுவதற்குப் புது உருவாக்குநர் ஒருவர்கூடக் கிடைக்கவில்லை, சிறப்பு விருந்தினராக டத்தோ பட்டம் வாங்கிய பிரமுகர் வேறு வருகிறார் என்பதுதான் காரணம்.

பொதுக்கூட்டம் ஜூன் கடைசி ஞாயிற்றுக்கிழமை, கிள்ளானில் ஒரு மண்டபத்தில். மாதம் முடிய இன்னும் ஒரே ஒரு வேலைநாள்தான் பாக்கி. நாளைக் காலையில் எண்கள் கேட்க வேண்டும், இல்லையென்றால் மேசையைக் காலிசெய்ய வேண்டும். உருவாக்குநர்கள் அனைவரும் மடிக்கணினியோடு வர வேண்டும் என்று அறிவித்திருந்தார்கள். பரவாயில்லையே, வேலை செய்யப் போகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு குமுதா கொமியூட்டர் ரயிலில் போய் இறங்கினாள். மண்டபத்தில் பன்னிரண்டு மடிக்கணினிகளையும் வாங்கிக் குத்துவிளக்குக்கு முன்னால் வரிசையாக வைத்துச் சந்தனம் குங்குமம் இட்டார்கள். கற்பூரம் காட்டினார்கள். யாரும் திறக்கவில்லை.

வாழ்த்துப்பா, வரவேற்புரை, தலைமையுரை, டத்தோ உரை, டத்தோவுக்கு மாலை, டத்தோ கிளம்பிப் போனது, எல்லாம் முறைப்படி நடந்தது. பிறகு குமுதாவை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். கண்ணாடிச் சட்டமிட்ட சான்றிதழைக் கையில் கொடுத்தார்கள். இந்த வினாடி முதல் இவர் செவிவழியின் பன்னிரண்டாவது உருவாக்குநர் என்று தலைவர் முழங்கினார். ஏற்புரை ஆற்ற ஒலிவாங்கியை நீட்டினார்கள்.

"நன்றி சார். நிரலுக்குள்ள போக எனக்கு அனுமதி வேணும். யாருகிட்ட இருக்கு? இப்பவே குடுத்தா என் வரிய சேர்த்திடுவேன். நாளைக்குக் காலையில எனக்கு வேணும்."

நாற்காலி நகர்கிற சத்தம், யாரோ இருமுகிற சத்தம். அது செயலாளரிடம் இருக்கும் என்றார் தலைவர். தலைவரிடம்தான் இருக்கும் என்று நினைத்தேன் என்றார் சபாபதி. பொருளாளர், துணைத்தலைவர், துணைச்செயலாளர் என்று ஒருவர் மாற்றி ஒருவர் பக்கத்து ஆளைக் காட்டினார்கள். கேள்வி மேடையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் தலைவரிடமே திரும்பி வந்தது. பதினொரு பேரிடமும் இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை. கோப்புக்குக் கோப்பு பெயர் போட்டிருந்த குகனிடம்தான் அது இருந்தது. அவனோடு பேசக் கூடாது என்று தீர்மானம் போட்ட அன்றைக்கே கதவு பூட்டிக்கொண்டுவிட்டது. பூட்டிய கதவுக்கு வெளியே நின்றுகொண்டு இத்தனை காலமாக யாரையும் உள்ளே விடாமல் காவல் காத்திருக்கிறார்கள்!

மூன்று மாதம். சந்தனத் தட்டு. கிளிப்பச்சை. குமுதாவுக்கு வயிற்றெரிச்சலில் கத்தலாம் போல இருந்தது. கத்துவதற்கு நேரமில்லை. அந்த மேடையிலேயே போனை எடுத்து, ஒலிபெருக்கியில் போட்டு, கோப்பில் இருந்த எண்ணில் குகனை அழைத்தாள். ஒலிவாங்கி கையிலேயே இருந்ததால் அவன் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது. அவள் விஷயத்தைச் சொன்னாள்.

"இதுக்கா க்கா? எங்கிட்ட யாருமே கேக்கலயே. ஒரு போன் அடிச்சிருந்தா அன்னிக்கே குடுத்திருப்பேனே," என்றான் குகன்.

பேசி முடிப்பதற்குள் அனுமதி கொடுத்துவிட்டான். குமுதா குத்துவிளக்குப் பக்கம் போய்த் தன் மடிக்கணினியைத் தடவி எடுத்தாள். சந்தனம் மூடி விளிம்பு வழியாக உள்ளே வழிந்து விசைகளில் ஒட்டியிருந்தது. பொன்னாடையால் துடைத்தாள். அந்த ஒன்றுக்குத்தான் பொன்னாடை உதவியது. மேடைத் தரையிலேயே உட்கார்ந்து, காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, வரியைச் சேர்த்து வெளியிட்டாள். தலைமையுரையில் பாதி நேரம்கூட ஆகவில்லை.

அப்போதுதான் பேரவைக்கு உயிர் வந்தது. சபாபதி ஒழுங்குப் பிரச்சினை எழுப்பினார். தடை செய்யப்பட்ட நபரோடு பேசியது முதல் மீறல், பொதுக்கூட்டம் நடக்கும்போது மென்பொருளில் வேலை செய்தது அதைவிடப் பெரிய மீறல் என்றார். இன்று சேர்க்கப்பட்ட வரியைத் திரும்பப் பெற வேண்டும் என்று தலைவர் தீர்மானம் கொண்டுவந்தார். பதினொரு கைகள் உயர்ந்தன. ஏகமனதாக நிறைவேறியது என்று அறிவித்தார்கள். கைகள் கீழே இறங்கிய பிறகுதான் அடுத்த கேள்வி வந்தது. அதை எப்படித் திரும்பப் பெறுவது? பதினொரு பேரில் யாருக்கும் தெரியவில்லை. யாருக்கும் உள்ளே போக அனுமதியும் இல்லை. மேடையில் கொஞ்சநேரம் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள்.

தலைவர் குனிந்து, குரலைத் தாழ்த்தி, சொந்தத் தங்கையிடம் கேட்பது போலக் கேட்டார்.

"அம்மா, நீங்களே அத எடுத்திடுங்க மா. தீர்மானம் ஆயிடுச்சு. பேரவைக்கு அசிங்கமா போயிடும் லா."

குமுதா மடிக்கணினியை மூடிப் பைக்குள் வைத்தாள். சான்றிதழை அவர் நாற்காலியில் வைத்துவிட்டுக் கைக்கோலை விரித்தாள்.

"எடுக்க மாட்டேன் சார்," என்றாள். "நாளைக்கு எனக்கு வேலை இருக்கு."

படியைக் கோலால் தட்டிப் பார்த்து, மேடையிலிருந்து இறங்கி நடந்தாள். மேடையில் நன்றியுரையைத் தொடங்கிவிட்டார்கள்.